கத்தரி இலைக்குள் உச்சி வெயில்

புண் கழுவ வாங்கிய ஹைட்ரஜன் பெராக்சைடு பாட்டிலில் பாதி மிச்சம் இருந்தது. மகளிடம் உருளைக்கிழங்கைத் துருவி டம்ளரில் போட்டு அதை ஊற்றச் சொன்னேன். புசுபுசுவென்று வெள்ளை நுரை பொங்கி விளிம்பைத் தாண்டி வழிந்தது. அணைத்த ஊதுபத்தியின் தணலை நுரைக்கு மேலே காட்டினோம், பளிச்சென்று சிவந்தது. வந்தது ஆக்சிஜன். அப்புறம் வேகவைத்த கிழங்கு. அது அப்படியே கிடந்தது.

"இது ஏம்மா பொங்கல?"

"பெராக்சைடை நீரும் ஆக்சிஜனுமா உடைக்கிற கேட்டலேஸ்னு ஒரு புரதம் அதுல இருந்துச்சு, வெந்து கெட்டுப்போச்சு கண்ணு."

இருபது வருடமாகத் தாவரவியல் நடத்துகிறேன். வகுப்பில் இந்தச் சோதனை இங்கேயே நின்றுவிடுவது எனக்கு மனசு ஆறாத விஷயம். மருந்துக்கடை பாட்டிலுக்காகவா செடி அந்தப் புரதத்தை வைத்திருக்கிறது?

சரி, மொட்டை மாடிக்கு வா என்றேன். மே மாதம், பகல் ஒரு மணி. உருளையின் உறவுக்காரச் செடியான கத்தரி, தொட்டியில் இலை தொங்கி நின்றது. நீரைக் காக்க இலைத்துளைகளை மூடிக்கொள்கிறது. அதனால் கார்பன் டைஆக்சைடும் உள்ளே வருவது குறைகிறது. வெயில் மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கிறது. வெயில் கிளப்பிவிட்டு, போக இடமில்லாமல் நிற்கும் எலக்ட்ரான்கள் ஆக்சிஜன் மேல் ஏற, சூப்பராக்சைடு என்ற முரட்டு ஆக்சிஜன் பிறக்கிறது. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற புரதம் அதைப் பிடித்து ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகிறது. அதே பாட்டில் சரக்குதான்! விட்டுவைத்தால் செல்லின் சவ்வு, புரதம், டிஎன்ஏ எதுவும் தப்பாது. ஒளிச்சேர்க்கை நடக்கும் பசுங்கணிகத்தில் அஸ்கார்பேட் பெராக்சிடேஸ் என்ற புரதம், வைட்டமின் சி-யைச் செலவழித்து அதை நீராக்குகிறது. கார்பன் டைஆக்சைடுக்குப் பதில் ஆக்சிஜனை இலை பிடித்துக்கொள்ளும் ஒளிச்சுவாசத்தால், பெராக்சிசோம் என்ற செல்லின் சிறு பையில் சேர்வதைக் கேட்டலேஸ் பார்த்துக்கொள்கிறது. ஒரே மூலக்கூறு, நொடிக்கு லட்சக்கணக்கில் பெராக்சைடை உடைக்கும். 1900இல் ஆஸ்கர் லோவ் அதற்குப் பெயர் வைத்தது புகையிலையை ஆராய்ந்தபோது. புகையிலையும் கத்தரிக் குடும்பம்தான்.

என்னை உருக்குவது இன்னொன்று. கேட்டலேஸின் நடுவில் ஹீம் என்ற இரும்புள்ள நிறமி இருக்கிறது, நம் ரத்தத்தில் இருப்பது போலவே. அது ஒளியை உறிஞ்சுவதால், காக்கிற கேட்டலேஸே வெயிலில் சிதைகிறது. சிதையச் சிதைய இலை புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும். மண்ணில் உப்பு ஏறினால் செய்வது மந்தமாகும், சிதைவது நிற்காது.

எங்கள் போர் தண்ணீர் உப்பு. மகள் இலையைத் திருப்பி, பழுத்துக் கருகிய ஓரத்தைத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் சொல்லாமல் தொட்டியைப் பச்சை வலைக்குக் கீழே இழுத்தாள். நான் கீழே போய், பிடித்துவைத்திருந்த மழைத்தண்ணீரில் ஒரு குடம் கொண்டுவந்தேன்.