வெருகல் கங்கைக் கரையில் சித்திரவேலாயுதர்

திருகோணமலையில் மட்டக்களப்பு பஸ் ஏறினால், சித்திரவேலாயுதர் என்ற முருகன் கோயில் இருக்கும் வெருகலில் இறங்கலாம். இன்று அவ்வளவுதான் யாத்திரை. கிண்ணியாவில் 396 மீற்றர் நீளப் பாலம் 2009இல் திறந்தது. உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று மிச்சத் துறைகளுக்கும் பிரெஞ்சு உதவியில் கட்டிய பாலங்கள் 2011இல் வந்துவிட்டன. அதற்கு முன் ஒவ்வொரு துறையிலும் பாதைக்கு, அதாவது ஆளையும் வண்டியையும் ஆறு கடத்தும் மிதவைக்கு, காத்துக் கிடக்க வேண்டும். லொறி, சைக்கிள், சனம், சாமான் எல்லாம் ஒன்றாக அந்தப் பாதையில் ஏறும். ஒரு துறையில் பாதை பழுதென்றால் அன்றைய பயணம் அங்கேயே சரி. அதற்குப் பயந்து, லோஞ்சில் கொட்டியாரக் குடாவைக் கடந்து மூதூரில் இறங்கி, மிச்சத் தூரத்தைத் தரையால் போனவர்களும் உண்டு.

அம்மம்மாவுக்கு இந்தப் பாலங்களில் சந்தோசமும் இருக்கு, குறையும் இருக்கு. "கங்கையில கால் நனையாமல் வெருகலுக்குப் போறது என்ன போக்கு, பிள்ளை?" என்று பஸ்ஸில் கேட்டா.

வரைபடத்தை விரித்துப் பார்த்தால் அவ சொல்வதில் ஞாயம் தெரியும். 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி கங்கை, கடலுக்குக் கிட்ட வந்ததும் ஒரே ஆறாக நிற்பதில்லை. ஒரு கை வடக்கே மூதூர்ப் பக்கம் போய்க் கொட்டியாரக் குடாவில் விழுகிறது. மற்றது காட்டுக்குள்ளால் கிழக்கே திரும்பி, வெருகல் ஆறாகக் கடல் சேர்கிறது. வடக்கே குடா, கிழக்கே வங்கக்கடல், மற்றப் பக்கங்களில் ஆற்றின் இரண்டு கைகள். மூதூர், சம்பூர், தோப்பூர், கிளிவெட்டி, மல்லிகைத்தீவு, ஈச்சிலம்பற்று என்று பழைய கொட்டியாரப்பற்றின் ஊர்களெல்லாம் இந்த நடுவில்தான் கிடக்கின்றன. கிழக்குக் கரையில் இலங்கைத்துறை முகத்துவாரத்தில் களப்பும் கடலோடு சேர்கிறது. எந்தப் படத்திலும் இதைத் தீவென்று குறிக்கவில்லை. மாரி வெள்ளத்தில் போய் நின்று பார்த்தவர்களுக்குப் படம் தேவையில்லை. தெற்கெல்லையில் ஓடும் வெருகல் ஆற்றோடு திருகோணமலை மாவட்டம் முடிகிறது. அக்கரை வாகரை, மட்டக்களப்பு.

அந்த எல்லையில், இக்கரையில் இருக்கிறார் சித்திரவேலாயுதர். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமம் போகிறவர்களின் கால்நடைப் பாதை வற்றாப்பளை, திருகோணமலை, மூதூர் என்று இறங்கி இந்தக் கோயில் வாசலுக்கு வருகிறது. பிறகு மட்டக்களப்பு, மண்டூர், உகந்தை, அதற்கப்பால் யால காடு. பாலம் இல்லாத காலத்தில் ஆற்றங்கரைக்கு வந்த சாமிமார், நீர் வற்றும்வரை, அல்லது பாதை வரும்வரை இங்கே தங்கத்தானே வேண்டும்! அப்படித் தங்கிய ஒரு செட்டியாரின் கனவில் முருகன் வந்தார், கோயில் எழுந்தது என்பது ஊர்ச்சனம் சொல்லும் கதை. கோயில் மதிலுக்கு உபயம் செய்தவர்களைச் சொல்லும் பழைய கல்வெட்டில் கயிலாய வன்னியனார் என்ற குறுநிலத் தலைவரின் பெயர் வருகிறது. கதையை விட எனக்கு அந்த உபயக் கணக்குத்தான் பிடித்தது. இத்தனை ஆறு கடந்து கல்லும் சுண்ணாம்பும் கொண்டுவந்து ஒரு மதில் எழுப்புவது சின்ன வேலையா?

கதிர்காமத்துக்குப் போக ஏலாதவர்களுக்கு இது சின்னக் கதிர்காமம். மண்டூருக்கும் அதே பெயர் உண்டு. முருகனுக்குள் போட்டி இல்லை. நடைச்சாமிமார் ஆடிவேல் திருவிழாவுக்காகக் கதிர்காமம் போய்ச் சேர்ந்த பிறகுதான் இங்கே ஆவணியில் கொடி ஏறும். வள்ளியை மணந்த வேலனைத் தங்கள் மாப்பிள்ளையாக உரிமை கொண்டாடும் கரையோர வேடர் குடும்பங்கள் வெருகலிலும் வாகரையிலும் இன்றும் இருக்கின்றன.

கும்பிடப் போகிற வழியில் வேறு சில வாசல்களும் உண்டு. மூதூரில் ஒரு புளியமரத்தடியைக் காட்டுவார்கள். 1659இல் கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்ட ஆங்கிலக் கப்பலின் றொபேட் நொக்ஸ், மறு ஆண்டு கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்ட கதை அது. 1679இல்தான் தப்பினார். சேருவிலவில் பௌத்த விகாரை, அங்கிருந்து மகாவலியோரமாகச் சிவனொளிபாதமலை வரை போன பழைய யாத்திரைப் பாதை யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலில் இருக்கிறது. ஆக, இந்த ஆற்றைப் பிடித்துக்கொண்டு சாமியைத் தேடிப் போனது நாங்கள் மட்டுமில்லை.

நீர் இந்த மண்ணுக்குச் செய்ததை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கும். 2004 ஏப்ரலில் ஒரே இயக்கத்தின், விடுதலைப் புலிகளின், இரண்டு பக்கங்கள் இந்த ஆற்றங்கரையில் மோதின. அதே வருசம் மார்கழியில் சுனாமி. 2006 ஆடியில் மேலே மாவிலாற்று அணைக்கதவு பூட்டப்பட்டது; வயலுக்குப் போக வேண்டிய தண்ணீரில் தொடங்கியது முழு யுத்தமாகி, வெருகல், ஈச்சிலம்பற்றுச் சனம் கையில் அகப்பட்டதோடு ஆற்றைக் கடந்து வாகரைக்கு ஓடினார்கள், அங்கிருந்து மட்டக்களப்பு முகாம்களுக்கு. வாகரையில் தாய்வழிச் சொந்தம் இருந்ததால் எங்கள் வீட்டில் இந்தக் கதை வேறு விதமாகவும் சொல்லப்படும். அதை இங்கே எழுத வேண்டாம்.

திரும்பி வந்தவர்கள் முதலில் கூரை போட்டார்களோ, கோயிலைக் கூட்டினார்களோ என்று நான் கேட்டேன். வாசலில் கற்பூரம் விற்ற அம்மா சிரித்தா. "ரெண்டும்தான், தம்பி. மனுசர் வீட்டுக்க இருக்க, சாமி புத்துக்க இருக்கிறதா?"

உச்சிப் பூசை முடிந்து, விபூதி வாங்கி, அம்மம்மாவைக் கைபிடித்து ஆற்றில் இறக்கினேன். தீர்த்தத் திருவிழாவில் வேலாயுதர் இறங்கும் அதே கங்கை. தண்ணீர் மண்ணிறம், வண்டல் சுமந்து வருகிற ஆறு வேறெப்படி இருக்கும்? மூன்று தரம் தலையில் அள்ளிவிட்டா. மேலே பாலத்தில் மட்டக்களப்புப் பஸ் ஒன்று போனது. இரண்டொருவர் யன்னலால் கை கூப்பினார்கள், மற்றவர்கள் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

போகிறவர்களுக்கு ஒன்று: பஸ் நடத்துநரிடம் கோயிலடி என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அக்கரையில்தான் இறக்குவார். மாற்றுடுப்பு அவசியம். ஆற்றில் உள்ளூர்ச் சனம் குளிக்கிற இடத்தை விட்டு விலகி இறங்காதீர்கள். ஆழமும் உண்டு, முதலையும் உண்டு.