கண்மாய்க்கு நிதி கேட்டுக் கிராம சபைக்குப் போனோம்

எங்கள் ஊர் சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிறது. கண்மாய் பெருகினால்தான் நெல், ஊருணி நிறைந்தால்தான் கிணற்றில் ஊற்று. இரண்டிலுமே சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. 2023 அக்டோபர் 2 கிராம சபையில் நிதி கேட்பதென்று சிலர் கூடி முடிவெடுத்தோம். நூறு நாள் வேலைத் திட்டத்தில் அடுத்த நிதியாண்டுக்கான பணிகளை அந்தச் சபையில்தான் வைப்பார்கள் என்பதால் வேறு தேதியை நாங்கள் யோசிக்கவே இல்லை.

கண்மாய் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஆயக்கட்டு, அதாவது கண்மாய் நீரில் பாசனம் பெறும் நிலம், நூறு ஏக்கருக்குள் இருந்தால் பொதுவாக ஊராட்சி ஒன்றியம், அதற்கு மேல் நீர்வளத் துறை. எங்களுடையது ஒன்றியக் கண்மாய். கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு என்னும் நிலப் பதிவேட்டையும் புலப்படத்தையும் பார்த்து, கண்மாய்க்கும் ஊருணிக்கும் நீர் கொண்டுவரும் வரத்துக்காலுக்கும் புல எண்களைக் குறித்துக்கொண்டோம். படத்தில் வண்டி போகும் அகலத்துக்கு இருந்த வரத்துக்கால், மேற்கே நேரில் போய்ப் பார்த்தால் ஒரே எட்டில் தாண்டும் அளவுக்குச் சுருங்கியிருந்தது. இருபுறமும் வரப்பு உள்ளே வந்துவிட்டது.

எங்கள் மக்கள்தொகைக்கு நூறு பேர் வந்தால்தான் சபை செல்லும். முந்திய நாள் மாலை வீடு வீடாகப் போய் அழைத்தோம். நூறு நாள் வேலைக்குப் போகும் பெண்கள் திரண்டு வந்ததால் அந்தக் கவலை தீர்ந்தது.

சபையில் முதலில் வந்த யோசனை பூங்கா. ஊருணிக் கரையை உள்பக்கமாக அகலப்படுத்தி, பேவர் பிளாக் பதித்து, நாற்காலி போட வேண்டும் என்று இளைஞர்கள் கேட்டார்கள். கேட்டதில் நியாயம் உண்டு, ஊரில் நிழலில் உட்கார ஓர் இடம் கிடையாது. ஆனால் உள்பக்கம் நிரவினால் நீர் நிற்கும் பரப்பு குறையும். வெளிக்கரையில் புங்கன், மருது நட்டு நடைபாதை விடலாம் என்று பேசிப் பேசி ஒத்துக்கொண்டார்கள்.

அதைவிடக் கடினமாக இருந்தது சீமைக்கருவேலம் பற்றிய பேச்சு. கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. கோடையில் ஆடுகளுக்கு அதன் நெற்றுதான் தீனி. ஆட்டுக்கிடை மேய்க்கும் ஒரு கீதாரி எழுந்து, ஒரேயடியாக வெட்டினால் கிடையை எங்கே ஓட்டுவது என்று கேட்டார். சபையில் அன்று பேசப்பட்டவற்றில் இதுவே முக்கியமான கேள்வி என்று இன்றும் நினைக்கிறேன். நீர்ப்பரப்பில் இருப்பதை வேரோடு எடுப்பது, மேட்டில் இருப்பதைப் பிறகு பார்ப்பது என்று முடிவானது. உள்ளே நிற்கும் நாட்டுக் கருவேல மரங்களைத் தொடக்கூடாது என்றும் சேர்த்தோம். கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி போடாத ஊரார் இருக்கும்போது, நாம் நாலு மரத்தை விட்டுவைக்க மாட்டோமா என்று ஒரு பெரியவர் கேட்டதும் மறுப்பு எழவில்லை.

பணத்தை ஒரே இடத்தில் கேட்கவில்லை. அப்போது நூறு நாள் திட்டத்தில் கூலிக்குக் குறைந்தது 60 சதவீதம், பொருளுக்கு 40-க்கு மேல் போகக்கூடாது என்று விதி இருந்தது. அதனால் மண்வேலையான வரத்துக்கால் தூர்வாருதலை அதில் வைத்தோம். 15-வது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், மழைநீர் சேகரிப்பு, சுகாதாரம் போன்றவற்றுக்கே செலவாக வேண்டும் என்று அப்போது இருந்ததால் ஊருணிப் படித்துறையையும் நீர்வழியையும் அதில் கேட்டோம். மரக்கன்றுக்கு ஊராட்சிப் பொது நிதி.

தீர்மானம் எழுதும்போது பக்கத்திலேயே நின்றோம். "கண்மாய் சீரமைப்பு" என்று ஒரே வரியில் முடிக்கப் பார்த்தார்கள். பணியின் பெயர், புல எண், எந்த நிதி என்று தனித்தனித் தீர்மானமாக எழுதச் சொன்னோம். இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. மதிப்பீடு போட வரும் பொறியாளருக்குத் தீர்மானத்தில் இருப்பதுதான் வேலை. நகல் கேட்டபோது இழுத்தடித்தார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்ட பிறகே கையில் கிடைத்தது.

வரத்துக்கால் வேலை அடுத்த கோடையில் தொடங்கியது. 2024-இல் வண்டல் எடுக்கும் அனுமதியை வட்டாட்சியரே தரலாம் என்று ஆனதும், விவசாயிகள் கண்மாய் மண்ணைத் தங்கள் வயலுக்கு அள்ளிச் சென்றார்கள். அந்த மண்ணை வெளியேற்ற ஊராட்சிக்குச் செலவே இல்லை. படித்துறை முடிந்துவிட்டது. மேற்கே வரத்துக்கால் ஆக்கிரமிப்பை அளந்து கல் நடக் கேட்ட மனு வட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கிறது. ஒவ்வொரு கிராம சபையிலும் அதன் நிலையைக் கேட்டுப் பதிவேட்டில் எழுத வைக்கிறோம்.