பத்துக் கட்டம்

அக்டோபர் 31, 2024
தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாளில் வந்து தொலைத்திருக்கிறது. வாசலில் வந்து நிற்கிற குட்டிப் பேய்களுக்கு ரிப்பன் பக்கோடா கொடுக்கக் கூடாதாம், சாக்லேட்தானாம். பாப்பாவின் கல்லூரி விண்ணப்பத்துக்கு நாளை இரவு 11:59 கெடு. கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறாள். தலையில் ஒரு சொட்டு எண்ணெய் வைக்க விடவில்லை.

நவம்பர் 1
அனுப்பிவிட்டாள். அனுப்பிய பிறகுதான் காட்டினாள்.

காமன் ஆப் என்று அமெரிக்கக் கல்லூரிகளுக்கு ஒரு பொது விண்ணப்பம், அதில் பத்துக் கட்டம் உண்டு. படிப்பு தவிர என்னென்ன செய்தாய் என்று ஒவ்வொன்றிலும் 150 எழுத்துக்குள் சொல்ல வேண்டும், இடைவெளியும் கணக்கு. முக்கியமானது முதலில். இவள் முதல் கட்டத்தில் எழுதியிருப்பது ஓக் ட்ரீ ரோட்டு மளிகைக்கடை வேலை. சனி, ஞாயிறு முருங்கைக்காய் எடை போட்டு பில் அடிக்கிறதை! இரண்டாவது, தம்பியைப் பள்ளியிலிருந்து கூட்டிவருவது. குடும்பப் பொறுப்பு என்றே ஒரு வகை இருக்கிறதாம். அப்புறம் கணக்கு டீம், நூலகம், இன்னும் என்னவோ. மொத்தம் ஏழு. மூன்று கட்டம் காலி.

அரங்கேற்றம் இல்லை.

நவம்பர் 2
ஆறு வயதிலிருந்து பத்து வருஷம், பனியிலும் மழையிலும் வகுப்புக்குக் காரோட்டியது யார்?

நவம்பர் 9
நண்பர் வீட்டில் சாப்பாடு. பெரியவர்கள் வாயில் ஒரே வார்த்தை: ஸ்பைக். எல்லாவற்றிலும் கொஞ்சம் என்றால் போதாதாம், ஒன்றில் ஆணி மாதிரி நீட்டிக்கொண்டு நிற்க வேண்டுமாம். பரதம், வயலின், ஸ்பெல்லிங் பீ எல்லாம் நம் பிள்ளைகள் எல்லோரிடமும் இருப்பதால் எடுபடாது என்று அவர்களுடைய கன்சல்டன்ட் சொன்னாராம். நம்மூர்க் குடிநீருக்கென்று அறக்கட்டளை தொடங்கிய பையனும் வந்திருந்தான். ஊருக்குப் போனால் பாட்டில் தண்ணீரைத் தவிர எதையும் தொடமாட்டான்.

திரும்பி வரும்போது காரில் நான்தான் பேசினேன். இவர் ரேடியோ சத்தத்தைக் கூட்டினார்.

நவம்பர் 17
தூக்கம் இல்லை. 1998 ஞாபகம். அப்பாவும் நானும் திருநெல்வேலியிலிருந்து ராத்திரி பஸ்ஸில் அண்ணா பல்கலைக்கழகத்துக்குக் கவுன்சலிங் போனோம். பிளஸ் டூவில் 200, நுழைவுத் தேர்வில் 100, மொத்தம் 300-க்கு என் கட்-ஆஃப். முன்னால் இருக்கிறவர் எந்த இடத்தை எடுக்கிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தோம். நான் பாடுவேனா, யாருக்கு உதவினேன், என் ஆளுமை என்ன என்று ஒரு ஆள் கேட்கவில்லை. அரை மார்க்கில் போனது போனதுதான். கொடுமைதான். ஆனால் அழுதால் எதற்கு அழுகிறோம் என்றாவது தெரிந்தது.

டிசம்பர் 13
டிஃபர்.

இல்லை என்றும் சொல்லவில்லை, ஆம் என்றும் சொல்லவில்லை, மார்ச்சில் மறுபடி பார்க்கிறார்களாம். அம்மாவுக்கு ஃபோனில் விளக்க அரைமணி ஆயிற்று. “அது என்னட்டி, பொண்ணு பாத்துட்டு, ஊருக்குப் போயி கடுதாசி போடுதோம்னு சொல்லுத மாதிரில்லா இருக்கு.”

அதேதான்.

டிசம்பர் 16
மார்கழி பிறந்தாயிற்று. அலமாரியில் குளிர்க் கையுறை தேடும்போது சலங்கைப் பை கையில் தட்டியது. ஒரு தரம்தான் குலுங்கியது. மாடியில் அவள் நாற்காலியை நகர்த்துகிற சத்தம் அப்படியே நின்றது.

டிசம்பர் 22
இந்தப் பத்துக் கட்டம் எங்கிருந்து வந்தது என்று படிக்க உட்கார்ந்தேன், ராத்திரி இரண்டாகிவிட்டது.

நூறு வருஷத்துக்கு முன்னால் ஹார்வர்டிலும் பெரும்பாலும் பரீட்சைதான். யூதப் பிள்ளைகள் நன்றாக எழுதி நிறைய உள்ளே வந்தார்கள். 1922-ல் தலைவர் லோவெல் அவர்களுக்கு உச்சவரம்பு வைக்கப் பார்த்தார். ஆசிரியர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. 1926-ல் வேறு வழி: குணம், ஆளுமை எல்லாம் பார்ப்போம், புகைப்படமும் அனுப்பு. வரம்பு என்கிற சொல் போயிற்று, வேலை நடந்தது.

அப்புறம் நம் காலத்தில் ஹார்வர்டின் மேல் போட்ட வழக்கு. படிப்பு, வெளிச் செயல்பாடு, விளையாட்டு, ஆளுமை என்று தனித்தனியாக மதிப்பெண் போடுகிறார்கள், 1 என்றால் உச்சம். ஆசியப் பிள்ளைகளுக்கு முதல் இரண்டிலும் நல்ல மதிப்பெண். நேரில் பார்க்காத அட்மிஷன் அலுவலகம் போட்ட ஆளுமையில் மட்டும் சராசரி குறைந்தது. ஜூன் 29, 2023 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, இனம் பார்க்கக் கூடாது என்று. ஆளுமை அப்படியே இருக்கிறது.

இதையெல்லாம் இவரிடம் கொட்டினேன். “அப்ப அரங்கேற்றம் போட்டிருந்தா மட்டும் கிடைச்சிருக்குமா?” என்றார். பதில் வரவில்லை. கோபம்தான் வந்தது.

டிசம்பர் 31
மற்ற கல்லூரிகளுக்கு நாளை கெடு. மூன்று கட்டம் இன்னும் காலி. கேட்கக் கூடாது என்று காலையிலிருந்து வாயைக் கட்டியிருந்தேன். சாயங்காலம் காபி கொடுக்கிற சாக்கில் கேட்டுவிட்டேன்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சண்டைக் குரலும் இல்லை. “அது உன்னோட ஆக்டிவிட்டிம்மா.”

ஜனவரி 1, 2025
அனுப்பியாச்சு.

ஜனவரி 14
பொங்கல். பால் பொங்குகிற நேரத்தில் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவருடன் அவளுக்கு ஜூம் நேர்காணல், எங்களை மாடிப்பக்கமே வரக் கூடாது என்றாள். படிக்கட்டில் நின்றேன், நிற்காமல் இருப்பேனா. நாற்பது நிமிஷத்தில் பாதி கடைக் கதை. வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிற பாட்டிகளை முதலாளி திட்டச் சொல்வார், இவள் திட்டமாட்டாளாம். அவர் சிரித்தார். இவளும் சிரித்தாள். இந்தச் சிரிப்பைக் கேட்டு எவ்வளவு நாளாயிற்று.

எங்களிடம் இந்தக் கதையைச் சொன்னதே இல்லை.

பிப்ரவரி 6
மெயில் எதுவும் வரவில்லை. அவள் மெயில் உனக்கெப்படித் தெரியும் என்கிறார் இவர்.

பிப்ரவரி 20
2019-ல் நாறிய அந்த அட்மிஷன் மோசடியைப் பற்றி மறுபடி படித்தேன். ரிக் சிங்கர் என்கிற ஆள் பணக்காரர்களுக்குப் பக்கவாசல் திறந்துவிட்டான். முன்வாசலும் இல்லை, பின்வாசலும் இல்லை, பக்கவாசல், அவன் வைத்த பெயர்தான். ஒரு அப்பா வாட்டர் போலோ சாமான்களை ஆன்லைனில் வாங்கி, விளையாட்டே தெரியாத பிள்ளையை நீச்சல் குளத்தில் இறக்கி, படம் எடுத்து, அதையும் திருத்தி அனுப்பியிருக்கிறார். படிக்கப் படிக்கச் சிரிப்பு வந்தது.

பிறகு அழைப்பிதழ் ஞாபகம் வந்தது. ஆகஸ்ட் 2023. நானூறு பிரதி, வழவழக் காகிதம், இரண்டாம் பக்கத்தில் பாப்பாவின் படம். கீழே, “நடனமே என் மூச்சு.” அவள் சொன்னதாக.

நான் எழுதியது. ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று.

மார்ச் 14
இன்று பை நாள், 3.14, எம்ஐடி முடிவு. 6:28-க்கு வெளியிடுகிறார்கள், பையின் இரண்டு மடங்காம். பாப்பா அங்கே போடவே இல்லை. ஆனாலும் 6:28 வரை கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே விண்ணப்பத்தில் நாலே கட்டமாம். நாலுதான் என்றால் நானும் வாயைத் திறந்திருக்க மாட்டேன். திறந்திருப்பேன்.

மார்ச் 23
சலங்கையைப் பையிலிருந்து எடுத்துத் துடைத்தேன். தோல்பட்டை ஓரத்தில் காய்ந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று யாரைக் கேட்பது?

மார்ச் 26
அம்மா ஃபோன். “சீட்டு கெடச்சுதாட்டி?” நாளைக்கும்மா. நேற்றும் நாளைக்குத்தான் என்று சொன்னேனாம்.

மார்ச் 27
ஹார்வர்ட் மாதிரி ஐவி காலேஜ்கள் எல்லாம் ஒன்றாக ராத்திரி ஏழு மணிக்கு முடிவு சொல்கிறார்கள். இவர் ஐந்துக்கே வந்துவிட்டார். தம்பிக்காரன் ஐபேடைத் துடைத்து மேஜையில் வைத்திருக்கிறான். பாப்பா இல்லை. கடையில் ஒரு பெண்ணுக்குக் காய்ச்சலாம், வியாழக்கிழமையில் போய் அவள் இடத்தில் நிற்கிறாள். எட்டு மணிக்குத்தான் முடியும். பாஸ்வேர்ட் அவளிடம்.

6:20. பார்ப்பாளா, கடையிலேயே பார்த்துவிடுவாளா, எங்களுக்கு முன்னால் அந்த முதலாளிக்குத் தெரியுமா.

6:35. வீட்டில் கொத்தமல்லி இல்லை. இவரிடம் சொல்லிவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டேன்.