சீப்பு ஜெல்லிகளை எண்ணக் கற்றுக்கொண்ட ஏழு மாதங்கள்

கரையை ஒட்டிய ஆழம் குறைந்த கடலடித் தளமான கண்டத்திட்டின் மேல், 25 மீட்டர் ஆழமுள்ள ஒரே இடத்திற்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை படகில் சென்று, சொறி (ஜெல்லிமீன்), உடலில் சீப்பு போன்ற வரிசைகள் கொண்ட சீப்பு ஜெல்லி, பீப்பாய் வடிவ ஒளிபுகும் உடலுள்ள சால்ப் ஆகிய இழுதுடல் மிதவை உயிரிகளை எண்ணி, அன்றைய கடல்நீரின் நிலையையும் குறித்து வருகிறேன்.

முதல் இரண்டு மாதக் குறிப்புகளில் சீப்பு ஜெல்லி ஒன்றுகூட இல்லை. அவை அங்கே இல்லை என்றே நம்பியிருந்தேன். வலையில் வந்தவற்றை உடனே ஃபார்மலின் என்னும் பதப்படுத்தும் திரவத்தில் இட்டு, வீட்டில் வைத்து எண்ணியதுதான் பிழை. சொறியும் சால்பும் அதில் உருக்குலையாமல் இருக்க, சீப்பு ஜெல்லிகளோ கரைந்து கலங்கலாகிவிடுகின்றன. இப்போது படகிலேயே, உயிரோடு இருக்கும்போதே எண்ணுகிறேன். வலையின் அடியிலிருந்த துணிப்பையையும் மாற்றி, நீர் வடியாத இரண்டு லிட்டர் குப்பியைக் கட்டினேன். வலையை மிக மெதுவாக இழுக்கிறேன். குப்பிக்குப் பின்னால் கறுப்புத் துணியைப் பிடித்தால், கண்ணுக்கே தெரியாதிருந்த உடலில் எட்டு வரிசைச் சீப்புகள் அசைந்து வானவில் நிறங்களாய் ஓடுவதைக் காணலாம். சால்பை அதன் உடல் முனையிலுள்ள கருத்த குடல் முடிச்சே காட்டிக்கொடுக்கும்.

வலை வாயின் விட்டம் 50 செ.மீ. 20 மீட்டரிலிருந்து நேராக மேலே இழுத்தால் ஏறத்தாழ 3.9 கன மீட்டர் நீர் வடிகிறது. எனவே 39 உயிரிகள் கிடைத்தால் கன மீட்டருக்குப் பத்து. பாசி மிகுந்த நாளில் வலைக்கண் அடைபட்டு இந்தக் கணக்குப் பொய்த்துவிடும் என்பதால், ஒவ்வொரு இழுப்புக்கும் பின் வலையைக் கழுவுகிறேன்.

ஐந்தாம் மாதம்தான் எனக்கு மிகவும் பிடித்த பக்கம். கரைக்கு இணையாகக் காற்று நான்கு நாள் விடாமல் வீசியதில் மேல்நீர் கடல்பக்கம் விலகி, அடியிலிருந்த குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலெழுந்தது. மேற்பரப்பு வெப்பநிலை 4 பாகை குறைந்தது. அடுத்த பயணத்தில் நீர் பச்சையாகி, நீரின் தெளிவை அறிய இறக்கும் செக்கி தட்டு, முன்பு 9 மீட்டர் வரை தெரிந்தது, 4 மீட்டரிலேயே மறைந்தது. அதற்கடுத்த பயணத்தில் சால்புகள் சங்கிலி சங்கிலியாக வந்தன. ஒருமுறை கண்டதை விதியாகச் சொல்லிவிட முடியாது. ஆயினும், அவற்றின் உணவான தாவர மிதவைகள் (நுண்பாசிகள்) பெருகும்போது சால்புகள் பாலிலா முறையில் மொட்டுவிட்டு வெகு விரைவில் பெருகுபவை என்பதால், அந்த வரிசை பொருந்தவே செய்கிறது.

இப்போது எந்த ஆழத்தில் எவ்வளவு என்று பார்க்கிறேன். வேண்டிய ஆழத்தில் வாயை மூடிக்கொள்ளும் வலை இல்லாததால், 10 மீட்டரிலிருந்தும் 20 மீட்டரிலிருந்தும் மும்மூன்று முறை தனித்தனியே இழுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழிக்கிறேன். கடந்த பயணத்தில் சீப்பு ஜெல்லிகள் 10 மீட்டர் இழுப்புகளில் 6, 7, 5. 20 மீட்டர் இழுப்புகளில் 24, 31, 22. அன்று வெப்பநிலை சட்டென்று இறங்கியது 10 மீட்டருக்கும் 15 மீட்டருக்கும் இடையில். அவை அந்த எல்லையிலேயே திரள்கின்றனவா, இன்னும் கீழேயா என்பதை அறிய அடுத்த முறை 15 மீட்டர் இழுப்பையும் சேர்க்கப் போகிறேன்.