வொய்க்கா, ஃபின்லாந்து, மே 2009

மே 4, திங்கள்

எங்கள் ஊரில் வளர்ந்த கால்பந்து வீரர் சாமி ஹூப்பியா இங்கிலாந்தின் லிவர்பூல் அணியை விட்டுப் போகிறார். ஜெர்மனியில் லெவர்குசன், இரண்டு ஆண்டு ஒப்பந்தம். மதியம் வானொலியில் சொன்னார்கள். கையில் உருளைக்கிழங்கும் கத்தியுமாக அப்படியே நின்றுவிட்டேன்.

அப்பாவுக்கு இன்னும் தெரியாது. வார்டில் யாராவது சொல்லிவிடுவதற்கு முன் நான் சொல்ல வேண்டும்.

மே 5

சொல்லிவிட்டேன். "முப்பத்தைந்து வயது. ஓடச் சொல்லவில்லையே, நிற்கத்தானே வேண்டும்" என்றார். பிறகு நெடுநேரம் பேசவில்லை. கடைசியில் அலமாரிக் கதவைப் பற்றிக் கேட்டார். அதில் நான் எதையாவது எழுதிவிட்டேனா என்று.

எழுதவில்லை, அப்பா.

மே 6

அறுவைச் சிகிச்சை 12ஆம் தேதி என்கிறார்கள்.

மே 8, வெள்ளி

இரவு முழுவதும் உறக்கமில்லை. பத்து மணிக்கும் வெளியே வெளிச்சம். ஆற்றுப் பக்கத்து பிர்ச் மரங்களில் இலை எலிக்காது அளவுக்கு வந்துவிட்டது. அப்பா வீட்டில் இருந்திருந்தால் இன்றே சொல்லியிருப்பார். ஒவ்வோர் ஆண்டும் அவர்தான் முதலில் பார்ப்பார்.

அடுக்களைக்குப் போய் அலமாரிக் கதவைத் திறந்து பார்த்தேன். உட்புறத்தில் பென்சில் எழுத்து. அப்பாவின் கை எப்போதும் அழுத்தி எழுதும் கை. மரத்தில் பள்ளம் விழுந்திருக்கிறது.

1993 — 2
1994 — 2
1999 — 2
2002 — 2

அந்தந்த ஆண்டு ஹூப்பியா ஆடிய அணி லீகில் பிடித்த இடம். முதல் இரண்டும் மில்லிகோஸ்கியின் மைபா அணி. எங்களிடமிருந்து இருபது கிலோமீட்டர் போலத்தான், அதே ஆறு, அங்கேயும் ஒரு காகித ஆலை. மூன்றாவது ஹாலந்தில் தில்புர்க் நகரத்து வில்லெம் இரண்டு. அந்தச் சின்ன அணி லீகில் இரண்டாவதாக வந்து சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதி பெற்றது. அதைப் பார்த்து ஹாலந்தே வியந்தது. நான்காவது லிவர்பூல். ஒரு முறைகூட லீக் பட்டம் கையில் வரவில்லை. மைபா 2005இல் ஃபின்லாந்து லீகை வென்றது, அவர் அங்கிருந்து போய்ப் பத்து ஆண்டுகள் கழித்து.

மற்ற கோப்பைகளை அப்பா எழுதுவதில்லை. 2001இல் ஒரே பருவத்தில் மூன்று, 2005இல் ஐரோப்பாவின் மிகப் பெரியது. கேட்டால், "அவை சில நாள் ஆட்டம். லீக் என்பது ஆண்டு முழுவதும் வேலைக்குப் போவது" என்பார். முப்பத்தொரு ஆண்டு ஷிப்டு பார்த்த மனிதருக்கு வேறு எப்படித் தோன்றும்?

கடைசியாக 2009 என்று எழுதி, ஒரு கோடு போட்டு, அதற்கு அப்பால் வெறுமையாக விட்டிருக்கிறார். ஜனவரியில் லிவர்பூல் முதலிடத்தில் இருந்தபோது எழுதியது. அந்த எண்ணை எழுதியபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியும். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, பனிக்காலக் கோட்டுடனேயே அடுக்களையில் நின்றுகொண்டிருந்தார். அன்று மூச்சு வாங்கியதைக் குளிர் என்றுதான் நினைத்தார். நானும்தான் நினைத்தேன்.

மே 10

அன்னையர் தினம். அம்மாவின் கல்லறைக்கு நான் மட்டும் போனேன். அப்பா தொலைபேசியில் இரண்டு முறை கேட்டார்: பழைய புல்லை வாரினாயா? வாரினேன். மெழுகுவர்த்தி? ஏற்றினேன்.

நேற்று லிவர்பூல் வெஸ்ட் ஹாமை 3-0 என்று வென்றது. பயனில்லை என்று அவருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இருவரும் சொல்லிக்கொள்ளவில்லை.

மே 11

நாளை இல்லையாம். அவரைவிட அவசரமான ஒருவர் வந்திருக்கிறார். பட்டியலில் கீழே போய்விட்டோம். சொன்ன செவிலியர் இளம்பெண்; கண் கலங்கியிருந்தாள். அவள் மேல் கோபப்பட முடியவில்லை. வேறு யார் மேல் படுவது என்றும் தெரியவில்லை.

மே 12

அப்பா கோபப்படவில்லை. அதுதான் என்னைத் தின்கிறது.

சென்ற செப்டம்பரில் சாம்பியன்ஸ் லீகின் பிரிவு ஆட்டங்களுக்கான பட்டியலில் ஹூப்பியாவின் பெயர் இல்லை. முந்தைய ஆண்டுகளில் ஐரோப்பிய ஆட்டங்களில் தொடர்ச்சியாக ஐம்பத்தேழு முறை, ஒரு நிமிடம்கூட வெளியே உட்காராமல் ஆடியவர். நான் கத்தினேன், பயிற்சியாளரைத் திட்டினேன், தம்பிக்குப் போன் செய்து திட்டினேன். அப்பா கேட்டது இவ்வளவுதான்: "நாளைக்குப் பயிற்சிக்குப் போவார் அல்லவா?" போனார். முணுமுணுக்கவில்லை. 2003இல் கேப்டன் பொறுப்பை அவரிடமிருந்து எடுத்து ஜெரார்டிடம் கொடுத்தபோதும் அப்படித்தான். அடுத்த ஆட்டத்தில் அதே இடத்தில் நின்றார்.

அது பெருந்தன்மை என்று அப்பா நினைக்கிறார். நானும் அப்படி நினைத்துத்தான் வளர்ந்தேன். ஆனால் இன்று, பட்டியலில் கீழே தள்ளப்பட்ட மனிதர் தலையணையில் சாய்ந்தபடி, "பரவாயில்லை, முறை வரும்" என்றபோது, ஒரே ஒரு முறை மேசையைத் தட்டுங்கள், அப்பா, என்று மனத்துக்குள் கெஞ்சினேன். ஆலையை மூடுகிறோம் என்று 2006 மார்ச்சில் சொன்னபோதும் தட்டவில்லை. காலைச் சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அது இன்றும் கவிழ்ந்தே இருக்கிறது.

மே 13

மழை. புதிய தேதி வரவில்லை.

மே 15

தம்பி தம்பெரேயிலிருந்து பேசினான். "நான் வரட்டுமா அக்கா?" தேதி வரட்டும் என்றேன். பிறகு, வரச் சொல்லியிருக்கலாமோ என்று ஒரு மணி நேரம் தொலைபேசியின் அருகிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மே 16, சனி

முடிந்தது. மான்செஸ்டர் யுனைடெட் ஆர்சனலுடன் 0-0. பட்டத்துக்கு யுனைடெட்டுக்கு ஒரு புள்ளி போதுமாக இருந்தது, எடுத்துவிட்டார்கள்.

அலமாரிக் கதவைத் திறந்தேன். பென்சில் கையில் இருந்தது. மூடிவிட்டேன்.

மே 17

வெஸ்ட் பிராமில் லிவர்பூல் 2-0 என்று வென்றது. பருவம் முழுவதும் லீகில் இரண்டே தோல்வி. இரண்டு தோல்வியோடு இரண்டாம் இடம்! இதை எந்த நியாயத்தில் சேர்ப்பது?

அப்பா கேட்டார், "எழுதிவிட்டாயா?"

"இன்னும் ஓர் ஆட்டம் இருக்கிறது."

"கணக்கு மாறாது."

"ஆட்டம் இருக்கிறது, அப்பா."

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். ஏப்ரலுக்குப் பிறகு முதல் சிரிப்பு.

மே 19

தேதி வந்துவிட்டது. 25, திங்கள், காலை முதல் ஆள்.

மருத்துவர் என்னைத் தனியாக அழைத்து எண்கள் சொன்னார். எழுதமாட்டேன்.

மே 20

எண்கள்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றை விரட்ட வேறு எண்களைச் சொல்லிக்கொள்கிறேன். ஹூப்பியா பிறந்தது 1973 அக்டோபர் 7, போர்வோ. வளர்ந்தது இங்கே. நானும் 73தான். ஒரே ஊர், ஒரே வயது, ஒரு வார்த்தை பேசியதில்லை. உயரம் 1.93. இங்கே அவர் ஆடத் தொடங்கிய அணியின் பெயர் பல்லோ-பெய்கோட், பந்தாடும் பூதங்கள். அவருடைய அப்பாவும் கால்பந்து ஆடியவர், அம்மா கோல்கீப்பர். பிள்ளை பின்களத்தில் நின்றதில் என்ன வியப்பு? 1995இல் நியூகாசிலில் போய்ச் சோதனைக்கு ஆடினார், எடுக்கவில்லை. 1999இல் லிவர்பூல் அவருக்காகக் கொடுத்தது 26 லட்சம் பவுண்டு. ஐரோப்பா எங்கும் ஆட்டங்களைப் படமெடுக்கும் ஓர் ஒளிப்பதிவாளர்தான் லிவர்பூல் நிர்வாகியிடம் முதலில் அவர் பெயரைச் சொன்னாராம். அப்பாவுக்கு மிகப் பிடித்த கதை இது. "பந்தைப் பார்க்காமல் ஆளைப் பார்க்கத் தெரிந்தவன் கேமராவுக்குப் பின்னால் இருந்திருக்கிறான்" என்பார்.

இரவு இரண்டு மணி. வெளிச்சம் வரத் தொடங்கிவிட்டது.

மே 22

நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே வாரம். அதைத்தான் நேற்றும் இன்றும் அப்பா பேசுகிறார்.

2005 மே மாதம் நாடு முழுவதும் காகித ஆலைகளில் கதவடைப்பு. ஆலைக்குள் அப்படி ஓர் அமைதியை அதற்கு முன் நான் அறிந்ததில்லை. ஆற்றின் சத்தம் தெருவரை கேட்டது. கதவடைப்பு இல்லாவிட்டால் 25ஆம் தேதி அப்பாவுக்கு இரவு ஷிப்டு. அதனால்தான் இஸ்தான்புல்லில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டத்தை முழுவதும் பார்த்தார். முதல் நிமிடத்திலேயே மிலானின் மல்தீனி கோல். இடைவேளையில் மிலான் 3, லிவர்பூல் 0. தம்பி எழுந்து போய்விட்டான். நான் பாத்திரம் கழுவப் போனேன். அப்பா நாற்காலியை விட்டு அசையவில்லை. "சாமி இன்னும் உள்ளேதான் இருக்கிறார், நான் எங்கே போவது?" என்றார். பிறகு ஆறு நிமிடத்தில் மூன்று கோல். நான் ஈரக் கையுடன் ஓடி வந்தேன். இரண்டாம் பாதியும் கூடுதல் நேரமும் ஹூப்பியா நின்றார், 120 நிமிடமும். எங்கள் கோல்கீப்பர் துதெக் கடைசிப் பெனால்டியைத் தடுத்தபோது நள்ளிரவு கடந்துவிட்டது. ஊரில் வாகன ஒலி கேட்டது. ஆலை இயந்திரம் ஓடாத ஊரில் அந்த ஒலி எவ்வளவு தூரம் போயிருக்கும்!

அந்தக் கோப்பைக்கான வழியில் யுவெண்டஸுக்கு எதிரான காலிறுதியில், பத்தாவது நிமிடத்தில் கார்னரிலிருந்து வந்த பந்தை இடது காலால் அந்தரத்தில் அடித்தாரே, அந்தக் கோலைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அப்பா பேசுவதில்லை. அவர் பேசுவது 2001இல் கார்டிஃப், ஆர்சனலுக்கு எதிரான எஃப்.ஏ. கோப்பை இறுதி, கோல்கோட்டில் நின்று பந்தை வெளியேற்றியது. "கோல் நுழைந்தால் பலகையில் எண் மாறும். நுழையாததை யார் எழுதி வைத்தார்கள்?" இன்றும் அதையே சொன்னார், நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்கிக்கொண்டு.

தவறும் உண்டு. 2003இல் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபர்டு அரங்கில் முதல் ஐந்து நிமிடத்துக்குள்ளேயே சிவப்பு அட்டை, வான் நிஸ்டல்ரோயை இழுத்ததற்காக. 4-0 என்று தோல்வி. அன்று அப்பா சாப்பிடவில்லை. ஒரு முறை கை நீண்டுவிட்டால் போதும். ஒரே ஒரு முறை.

அந்த மருத்துவரின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெலிந்த கைகள். நடுங்கவில்லை.

மே 24, ஞாயிறு

வார்டில் இருக்கும் தொலைக்காட்சியில் அந்தச் சேனல் வராது; காசு கட்டியவர்களுக்கு மட்டும். பக்கத்து வீட்டு அக்காவிடம் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு அங்கே போய் உட்கார்ந்து அப்பாவுக்குப் போன் செய்தேன். "நீ பார், எனக்குச் சொல்" என்று அவர்தான் கேட்டிருந்தார்.

எதிரணி டாட்டன்ஹாம். ஹூப்பியா வெளியே, மாற்று வீரர்கள் வரிசையில். அரங்கம் அவர் பெயரைப் பாடிக்கொண்டே இருந்தது. தொலைபேசியைத் தொலைக்காட்சியின் ஒலிபெருக்கியருகே பிடித்தேன். கை வலித்தது. மாற்றிப் பிடித்தேன்.

ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது எழுந்தார். ஜெரார்டு வெளியே வருகிறார். கேப்டனின் கைப்பட்டை இவருக்கு.

"உள்ளே வந்துவிட்டார், அப்பா."

"என்ன செய்கிறார்?"

"நிற்கிறார்."

"எங்கே நிற்கிறார்?"

இப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. பந்தை விட்டுவிட்டு அவரையே பார்த்தேன். பந்து அந்தப் பக்கம் போனால் இரண்டு எட்டு முன்னே. இந்தப் பக்கம் திரும்பினால் ஒரு எட்டுப் பின்னே, உடல் பாதி திரும்பியபடி. கையை நீட்டி யாரையோ இடம் மாறச் சொல்கிறார். ஓடவேயில்லை. பந்து வரப்போகும் இடத்தில் முன்பே இருக்கிறார். எல்லாவற்றையும் சொன்னேன், ஒவ்வோர் அடியையும். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா ஒரு சொல் பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. சீராக இருந்தது. பத்து ஆண்டு, 464 ஆட்டம், அதில் கடைசிச் சில நிமிடங்களை நான் என் அப்பாவின் காதுக்குள் நடந்து காட்டினேன்.

3-1. முடிந்ததும் அவர் அழுதார்.

"அழுகிறார், அப்பா."

"அழட்டும்."

பிறகு செவிலியர் வந்துவிட்டார். இனி எதுவும் சாப்பிடக் கூடாதாம். "கதவில் எழுது" என்றார் அப்பா. வைத்துவிட்டார்.

மே 25

காலை ஏழு பத்துக்கு உள்ளே கொண்டுபோனார்கள். இஸ்தான்புல் நாள்.

மே 25, மாலை

ஆறு மணி நேரம். முடிந்துவிட்டது என்கிறார்கள். பார்க்க விடவில்லை.

மே 27

கண் திறக்கவில்லை. மருந்தின் மயக்கம்தான், எதிர்பார்த்ததுதான் என்கிறார்கள். எத்தனை நாள் வரை எதிர்பார்த்தது என்று கேட்டேன். ஒவ்வோர் உடலும் ஒவ்வொரு மாதிரி என்றார்கள்.

மே 28

கதவில் எழுதவில்லை. அவர் வந்து எழுதட்டும். என் கை அவ்வளவு அழுத்தாது.

மே 30, சனி

இன்று பெர்லினில் ஜெர்மன் கோப்பை இறுதி. பிரேமன் 1, லெவர்குசன் 0. அவர் போய்ச் சேரவிருக்கும் அணி. 1997, 1999, 2000, 2002 என்று லீகில் நான்கு முறை இரண்டாவதாக வந்த அணியும் அதுதான். அப்பாவின் காதருகே குனிந்து எல்லாவற்றையும் சொன்னேன், ஆண்டுகளை வரிசையாக. அவருக்குப் பிடித்த கணக்கு. திரையில் கோடு ஏறி இறங்கியது. முன்பும் அப்படித்தான் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, தெரியும்.

நாளைக் காலை எட்டு மணிக்கு மருத்துவர் பேச வேண்டும் என்கிறார். ஞாயிற்றுக்கிழமை. தம்பியை வரச் சொல்லிவிட்டேன். ரயில் ஏறிவிட்டானாம்.

வீட்டுக்கு வந்து பென்சிலைச் சீவி வைத்தேன்.