சிபாரிசுக் கடிதமும் 135 டிகிரி கொக்கியும்

நேபாளத்தில் பூமி ஆடியபோது அங்கே காலை 11:56. சிங்கப்பூரில் மதியம் 2:11. 2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை. சைட்டில் அரை நாள் வேலையை முடித்துவிட்டுத் தேக்காவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நேபாளத்தில் சனிக்கிழமை வார விடுமுறை. பள்ளிகள் ஆயிரக்கணக்கில் இடிந்தும் வகுப்பறைகளில் பிள்ளைகள் இல்லாமல் போனது அதனால்தான். அப்படியும் ஏறக்குறைய 9,000 பேர் இறந்தார்கள்.

எங்கள் நண்பர் குழுவில் ஒருவர் மலையேற்றப் பைத்தியம். சிந்துபால்சோக் மாவட்டத்தில் ஒரு மலைக்கிராமத்துத் தலைமையாசிரியரை அவருக்குத் தெரியும். பள்ளி இருந்த இடத்தில் கற்குவியல்தான் மிச்சம் என்று படம் வந்தது. எட்டுப் பேரும் கட்டுமானத் துறை. நாலு வகுப்பறைதானே, கட்டிக் கொடுத்துவிடலாம் என்று கோப்பிக் கடையிலேயே முடிவெடுத்தோம். ஆறு மாத வேலை என்று சொன்னவன் நான்தான்.

முதல் முட்டு இங்கேயே. வெளிநாட்டுக் காரியத்துக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். திரட்டியதில் 80 விழுக்காடு சிங்கப்பூரிலேயே செலவாக வேண்டும் என்பது பொதுவிதி. படித்ததும் தலை சுற்றியது. பேரிடர் நிவாரணத்துக்கு விலக்கு கேட்கலாம் என்று பிறகுதான் தெரிந்தது. கேட்டோம், கிடைத்தது. கடைசியில் கணக்கை ஒழுங்காக ஒப்படைக்க வேண்டும், அவ்வளவுதான்.

பணம் இருந்தும் 2015 முழுக்க ஒன்றும் நகரவில்லை. மறுகட்டமைப்புக்கென்று அவசரச் சட்டத்தில் தொடங்கிய தேசிய ஆணையம், நாடாளுமன்றம் உரிய நேரத்தில் சட்டமாக்காததால் காலாவதியாகி, டிசம்பரில்தான் மறுபடி உயிர் பெற்றது. செப்டம்பர் முதல் இந்திய எல்லையில் லாரிகள் நின்றன. டீசல் இல்லை, சமையல் எரிவாயு இல்லை, சிமெண்டை யார் கேட்பது? பிப்ரவரியில் வழி திறந்தது. அப்புறம் மழைக்காலம். தசைன் பண்டிகையும் முடிந்து 2016 நவம்பரில்தான் கடப்பாரையைக் கையில் எடுத்தோம்.

அதற்குமுன் அந்த இடம் பள்ளிக்குச் சொந்தமானது என்று காட்ட வேண்டியிருந்தது. நிலப் பத்திரத்தின் பிரதி இடிபாட்டுக்குள் போய்விட்டது. கிராம மன்றச் செயலாளரின் கடிதம் போதும் என்றார்கள். அதற்கு அங்கே பெயர் ‘சிஃபாரிஸ்’. நம்ம சிபாரிசேதான். கிராம மன்றக் கட்டடமும் விழுந்துவிட்டதால் செயலாளர் மாவட்டத் தலைநகர் சௌதாராவில் ஒரு தகரக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். பல வருடமாக உள்ளாட்சித் தேர்தலே நடக்காத நாடு. பிறப்புச் சான்று, இறப்புச் சான்று, வீட்டு உதவிப்பணப் பட்டியல் எல்லாம் அந்த ஒரு மனிதர் தலையில். மூன்று முறை போய் வாங்கினேன்.

அஸ்திவாரம் முடிந்து தூண்களுக்குக் கம்பி கட்டினோம். கான்கிரீட் போடுமுன் அரசுப் பொறியாளர் பார்க்க வேண்டும். சுற்றுவட்டாரத்தில் எல்லா வீட்டுக்காரர்களும் அதே பொறியாளர்களுக்குத்தான் காத்திருந்தார்கள். வீட்டுக்கு 3 லட்ச ரூபாய் உதவி, மூன்று தவணை. முதல் 50,000 கைக்கு வந்துவிடும், அஸ்திவாரத்தைப் பொறியாளர் பார்த்தால்தான் அடுத்த 1,50,000. பதினொரு நாள் கழித்து எங்கள் முறை வந்தது.

வந்தவர் இளம்பெண், படிப்பு முடித்து இரண்டு வருடம்கூட இருக்காது. கம்பித் தடிமனை அளந்தார், நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்குகளின் இடைவெளியை அளந்தார், தலையாட்டினார். பிறகு குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒரு ரிங்கின் முனையை விரலால் தடவினார். எனக்குள் ஏதோ இடித்தது. முனைகளை 90 டிகிரியில் கொக்கியாக மடித்திருந்தோம். “இது வேண்டாம் சார், 135” என்றார். பூமி ஆடும்போது தூணின் மேல்தோல் முதலில் உதிரும். 90 டிகிரி கொக்கி அப்போது வாய் திறந்துவிடும், நெடுங்கம்பிகள் பிதுங்கும், தூண் உட்கார்ந்துவிடும். முனை உள்ளே, தூணின் நடுவைப் பார்த்து மடங்கியிருந்தால் பிடி விடாது. தெரியாத விஷயமில்லை. ஆனால் சிங்கப்பூரில் பதினேழு வருடம். சுமத்ரா குலுங்கினால் இங்கே விளக்குதான் ஆடும். பூகம்பக் கணக்கெல்லாம் இளகிய மண்ணில் 20 மீட்டருக்கு மேல் எழும் கட்டடங்களுக்குத்தான். கை பழகியபடி மடித்துவிட்டது. முந்நூறுக்கு மேற்பட்ட ரிங்குகளைக் கழற்றிப் புதிதாக வளைத்தோம். கம்பி வளைத்த பெரியவர் என்னைத் திட்டவில்லை. மூன்று நாளும் பேசவுமில்லை.

கூரை ஏறும் சமயம் வேறொரு கூத்து. 2017 மார்ச் 10 அன்று நாடெங்கும் கிராம மன்றங்களையே கலைத்துவிட்டார்கள். புதிய அரசியலமைப்புப்படி மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மன்றங்களின் இடத்தில் நகராட்சி, நம் ஊராட்சி போன்ற கிராமப் பாலிகை என்று கடைசியில் 753 அமைப்புகள். நான் மூன்று முறை அலைந்து வாங்கிய கடிதத்தைக் கொடுத்த அலுவலகம் இப்போது இல்லை. கட்டடத்தை யாரிடம் ஒப்படைப்பது? மாவட்டத்து அலுவலகம் ஒன்று பாலிகைக்குப் போகச் சொன்னது. பாலிகையில் தலைவர் இல்லை, மே 14 தேர்தலுக்குப் பிறகு வாருங்கள் என்றார் எழுத்தர். இருபது வருடத்தில் அதுதான் முதல் உள்ளாட்சித் தேர்தல். எரிச்சலாக இருந்தாலும் குறை சொல்ல மனம் வரவில்லை. அவர்கள் ஒரு அரசாங்கத்தையே அடியிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார்கள், நாங்கள் நாலு அறை.

ஜூனில் புதுத் தலைவர் கையெழுத்துப் போட்டார். முத்திரையின் மை காயவில்லை என்று தலைமையாசிரியர் தாளை ஊதி ஊதிக் காயவைத்தார்.

சிங்கப்பூர் திரும்பிக் கணக்கை எடுத்து வைத்தோம். ரசீதுகளில் எல்லாம் நேபாள நாட்காட்டியின் விக்ரம ஆண்டு. அவர்கள் வைசாகமும் நம் சித்திரையும் ஒரே சமயத்தில் பிறந்தாலும் ஆண்டு எண் வேறு. கணக்கு பார்க்கும் தம்பி ஒரு ரசீதைத் தூக்கிப் பிடித்தான். “அண்ணே, சிமெண்ட் 2073-ல வாங்கியிருக்கு. ஆணையருக்கு என்னன்னு எழுத?”