ஆடியில் மலை, தையில் மணவறை

ஊர் ஊராகச் சுற்றி மலையையும் ஏரியையும் படம் எடுப்பவன் என்றால், நினைத்த நேரத்தில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவான் என்று பலருக்கும் ஒரு நினைப்பு. என் பயணத் தேதியைப் பஞ்சாங்கம்தான் குறிக்கிறது. சோறு போடுவது கல்யாண ஆர்டர். முகூர்த்தம் இல்லாத ஆடியும் மார்கழியும்தான் எனக்கு மிச்சம். அதுவும் ஒரு வகையில் வசதிதான். ஆடியில் லடாக் போகும் சாலைகள் திறந்திருக்கும். மார்கழி விடியலில் கொழுக்குமலையில் நின்றால், கீழே தேனிப் பக்கம் முழுக்க மேகம் படுத்துக் கிடக்கும்.

இந்த வேலைக்குப் பொறுமைதான் முக்கியம் என்பார்கள். எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு. அடுத்து என்ன நடக்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும். அதைக் கல்யாண மண்டபம்தான் கற்றுக்கொடுத்தது. ‘கெட்டிமேளம்’ என்று குரல் எழும் முன்பே, எந்தப் பக்கம் நிற்பது, யார் கை மறைக்கும் என்று கணக்குப் போட்டிருக்க வேண்டும். தாலியை இன்னொரு தடவை கட்டச் சொல்ல முடியாது. (சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், அது வேறு கதை.)

அமெரிக்கப் புகைப்படக்காரர் கேலன் ரோவெல் என்னைக் கவர்ந்ததற்கும் இதுதான் காரணம். அவரும் முதலில் வேறு தொழில் பார்த்தவர். சின்னதாக ஒரு கார் ஒர்க் ஷாப் வைத்திருந்தார். 1972இல் அதை விற்றுவிட்டு முழுநேரமாகக் கேமராவோடு மலையேறினார். 1981இல் திபெத்தின் லாசாவில், பொட்டாலா அரண்மனையின் கூரையில் வானவில் இறங்குவதுபோல் அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் வானவில் சூரியனுக்கு எதிர்ப்பக்கம் தெரிவது. பார்க்கிறவர் நகர்ந்தால் கூடவே நகரும். அரண்மனை நகராது. எங்கே போய் நின்றால் இரண்டும் சேரும் என்று மனதில் கணக்குப் போட்டு, 3,600 மீட்டர் உயரத்தில், மூச்சு வாங்கும் காற்றில், ஓடியிருக்கிறார். மலையேறிப் பழகிய உடம்பு!

கொழுக்குமலையில் அந்தக் கணக்கை எனக்காகப் போடுகிறவர் சூரியநெல்லி ஊர் ஜீப் டிரைவர். “அண்ணே, காத்து திரும்புது, ரெடியா இருங்க” என்பார். வானம் வெளுத்திருக்கும், தேயிலைச் செடிகள் இன்னும் கருப்பாகவே இருக்கும். மேல்பாதி மட்டும் கருத்த ஃபில்டரை லென்ஸுக்கு முன்னால் மெல்ல இறக்கி, அதன் விளிம்பை மலைமுகட்டோடு பொருத்துவேன். அதற்குள் கண்ணாடியில் பனி படியும். பழைய வேட்டித் துணிதான் துடைக்கச் சரி. அப்புறம் மேகம் ஒருமுறை புரளும், அவ்வளவுதான் நேரம்.

படத்தை விற்பது தனிப்பாடு. ஓட்டல்காரர்களுக்குப் பச்சை வேண்டும், ஆஸ்பத்திரிக்குத் தண்ணீர் வேண்டும். லடாக்கின் பாங்காங் ஏரிப் படத்தைப் பார்த்து, “இந்த நீலம் கம்ப்யூட்டர்ல போட்டதா?” என்று கேட்காதவர் இல்லை. இல்லையென்று விளக்கி அலுத்துவிட்டது. இப்போதெல்லாம் விலையை மட்டும் சொல்கிறேன்.